பிஎச்பியை யார் ஓட்டுகிறார்கள்?

கேள்வி: பிஎச்பி என்ற வெப் புரோகிராமிங் மொழியைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறேன். எழுதிய ஃபைலை டபுள் கிளிக் செய்தால் பிரவுசரில் நான் அடித்த கோடே அப்படியே வந்து நிற்கிறது. ஒரு நண்பர் எக்ஸாம்ப் போடச் சொல்கிறார், இன்னொருவர் டாக்கர்தான் சரி என்கிறார். எதை இன்ஸ்டால் செய்யட்டும்?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். பிரவுசருக்கு பிஎச்பி தெரியாது. உங்கள் ஃபைலை முதலில் பிஎச்பி படித்து, ஓட்டி, அதிலிருந்து கிடைக்கும் எச்டிஎம்எல்லை மட்டும்தான் பிரவுசரிடம் கொடுக்க வேண்டும், டபுள் கிளிக் செய்யும்போது அந்த நடு வேலையைச் செய்ய ஆளே இல்லை. நண்பர்கள் சொல்லும் வழிகள் எல்லாமே அந்த ஆள் யார் என்பதில்தான் வேறுபடுகின்றன.

வெறும் பிஎச்பியை மட்டும் போடுங்கள். விண்டோஸில் ஜிப்பை இறக்கிப் பிரித்து, அந்த ஃபோல்டரை பாத்தில் (கமாண்டுகளை விண்டோஸ் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) சேர்த்தால் போதும். மேக்கில் 2021-இல் வந்த மாண்டரே வெர்ஷனிலிருந்து பிஎச்பி கூடவே வருவதில்லை, ஹோம்ப்ரூ என்ற இன்ஸ்டாலர் வழியாகப் போட வேண்டும். உபுண்டுவில் பிஎச்பி-சிஎல்ஐ என்ற பேக்கேஜைக் கேளுங்கள், வெறுமனே பிஎச்பி என்று கேட்டால் பொதுவாக அப்பாச்சி என்ற வெப் சர்வரும் சேர்ந்து வந்துவிடும்.

அப்புறம் டெர்மினலில் உங்கள் ஃபோல்டருக்குப் போய், பிஎச்பி என்று அடித்து, ஓர் இடம் விட்டு, கழித்தல் குறியும் ஒட்டியபடி பெரிய எஸ்ஸும் போட்டு, மறுபடி இடம் விட்டு லோக்கல்ஹோஸ்ட், முக்காற்புள்ளி, 8000 என்று முடியுங்கள். எஸ் பெரிய எழுத்தாகவே இருக்க வேண்டும், சின்ன எஸ்ஸுக்கு வேறு வேலை இருக்கிறது. இனி அதே முகவரியை பிரவுசரில் திறந்தால் பக்கம் வரும், ஒவ்வொரு தடவை ரீஃப்ரெஷ் செய்யும்போதும் டெர்மினலில் சில வரிகள் ஓடும். அந்த வரிகளைக் கவனித்துப் பழகுங்கள், எந்த ஃபைல் கேட்கப்பட்டது, எது கிடைக்காமல் 404 ஆனது என்று அங்கேயே தெரிந்துவிடும். 2012-இல் வந்த 5.4-லிருந்து இந்த வசதி இருக்கிறது. கற்றுக்கொள்ள அருமையானது, ஆனால் இதை வைத்துப் பொதுமக்களுக்கான தளம் நடத்தக் கூடாது.

டேட்டாபேஸ் தேவைப்படும்போது எக்ஸாம்ப் கைகொடுக்கும், அப்பாச்சி, மரியாடிபி என்ற டேட்டாபேஸ் எல்லாம் ஒரே மூட்டையில் வரும், ஃபைலை எச்டிடாக்ஸ் ஃபோல்டரில் வைத்தால் ஆயிற்று. நாலு பேர் சேர்ந்து செய்யும் வேலையில் எல்லோரிடமும் ஒரே வெர்ஷன் இருக்க வேண்டும் என்றால் அப்போது டாக்கர், அது புரோகிராமையும் அதற்குத் தேவையானவற்றையும் ஒரே பெட்டியாகக் கட்டித் தரும்.

கேள்வி: சர்வரில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரும், அதற்காக பிஎச்பியை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம்மும் வைத்திருக்கிறேன். செட்டிங்ஸ் ஃபைலான பிஎச்பி ஐஎன்ஐயில் அப்லோடு அளவைக் கூட்டியும் 2 எம்பிக்கு மேல் ஏறவில்லை.

பதில்: நானும் இதில் ஒரு முழு மாலையைத் தொலைத்திருக்கிறேன். டெபியன், உபுண்டுவில் டெர்மினலுக்கு ஓர் ஐஎன்ஐ, எஃப்பிஎம்முக்கு வேறொன்று. நீங்கள் மாற்றியது பெரும்பாலும் முதலாவதாக இருக்கும். செட்டிங்ஸையெல்லாம் காட்டும் பிஎச்பிஇன்ஃபோவை பிரவுசர் வழியாகவே ஓட்டிப் பாருங்கள், எந்த ஃபைல் படிக்கப்படுகிறது என்று அதில் இருக்கும், பார்த்த கையோடு அந்தப் பக்கத்தை அழித்துவிடுங்கள். சரியான ஃபைலைத் திருத்தியதும் எஃப்பிஎம்மை ரீஸ்டார்ட் செய்யுங்கள். என்ஜின்எக்ஸுக்கும் தனியாக 1 எம்பி வரம்பு உண்டு, 413 (அனுப்பியது மிகப் பெரியது) என்று பிழை வந்தால் அங்கே போய்க் கூட்டுங்கள்.