தொழில் கேள்வி-பதில்: மாமியாரின் உழைப்பையும் கணக்கில் எழுதுங்கள்

கேள்வி: நானும் என் மாமியாரும் வீட்டிலேயே மாங்காய் ஊறுகாய் போட்டு வாரத்துக்கு 60 பாட்டில் விற்கிறோம். ஒரு பாட்டிலுக்கு மாங்காய், எண்ணெய், மசாலா, பாட்டில் எல்லாம் சேர்த்து 24 ரேண்ட் ஆகிறது. 45 ரேண்டுக்கு விற்கிறோம். இருவருக்கும் சேர்த்து வாரம் 32 மணி நேர வேலை இருக்கிறது. பெட்ரோலுக்கு 180 ரேண்டும் மின்சாரத்துக்கு 90 ரேண்டும் தனியாகச் செலவாகின்றன. இப்போது ஒரு சூப்பர் மார்க்கெட் மாதம் 300 பாட்டிலை 36 ரேண்ட் வீதம் எடுத்துக்கொண்டு, 30 நாள் கழித்துப் பணம் தருவதாகச் சொல்கிறது. தொழில் வளர இது நல்ல வாய்ப்பு என்கிறார் என் கணவர். ஒப்புக்கொள்ளலாமா? (வாசகி, சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா)

பதில்: இந்த விலைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம், சகோதரி. உங்கள் கணவரின் ஆர்வம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் எழுதியனுப்பிய கணக்கில் இரண்டு பேருடைய கூலி இல்லை. அதைச் சேர்த்துப் பார்த்த பிறகுதான் வளர்ச்சியைப் பற்றிப் பேச முடியும்.

ஒரு வாரத்தை எடுத்துக்கொள்வோம். பாட்டிலுக்கு 21 ரேண்ட் மிஞ்சுவதால் 60 பாட்டிலுக்கு 1,260 ரேண்ட் கிடைக்கிறது. நம் நாட்டில் 2025 மார்ச்சில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ரேண்ட் என்று வைக்கப்பட்டது. வெளியாள் ஒருவரை வேலைக்கு அழைத்தால் அதற்குக் குறையாமல் கொடுத்தாக வேண்டும் என்பதால், உங்கள் இருவருக்கும் அதையே அளவாகக் கொள்கிறேன். 32 மணி நேரத்துக்கு 921 ரேண்ட் ஆகிறது. பெட்ரோலையும் மின்சாரத்தையும் கழித்தால் கையில் நிற்பது 69 ரேண்ட். அந்த வாரத்தில் இரண்டு பாட்டில் பூஞ்சை பிடித்துத் திரும்பி வந்து, வாங்கியவரிடம் 90 ரேண்டைத் திருப்பிக் கொடுத்தால், அந்த 69 ரேண்டும் போய்க் கைநஷ்டம் ஆகிவிடும். அங்காடி தருவதாகச் சொல்லும் 36 ரேண்டிலோ, பொருட்செலவு போக 12 ரேண்டுதான் கிடைக்கும். ஒரு பாட்டிலுக்கு ஆகும் கூலியே 15 ரேண்டைத் தாண்டுகிறது. மாதம் 300 பாட்டில் என்றால், உங்கள் வீட்டுப் பெண்களின் உழைப்பில் ஏறத்தாழ ஆயிரம் ரேண்டை அந்த அங்காடிக்கு இலவசமாகக் கொடுக்கிறீர்கள் என்று பொருள். அதற்கு மேல், உங்கள் கைக்காசில் 7,200 ரேண்டுக்குச் சரக்கு செய்து கொடுத்துவிட்டு ஒரு மாதம் காத்திருக்கவும் வேண்டும்.

அதற்காக அந்த வாய்ப்பை அடியோடு விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முதலில் மணிக்கணக்கைக் குறைக்கப் பாருங்கள். மாங்காயை அரிவாள்மனையில் ஒவ்வொன்றாக நறுக்குவதற்கும், வாரத்துக்கு நான்கு முறை சிறு சட்டியில் தாளிப்பதற்கும் எவ்வளவு நேரம் போகிறது என்று ஒரு வாரம் கடிகாரத்தைப் பார்த்து எழுதி வையுங்கள். கொட்டையோடு வெட்டும் நெம்புகோல் கத்தி ஒன்றும், ஒரே நாளில் முழுச் சரக்கையும் தாளிக்கும் அகன்ற பாத்திரமும் இருந்தால், 32 மணி நேரம் 20 ஆகக் குறையலாம் என்பது என் மதிப்பீடு. பூஞ்சைக்குக் காரணம் பெரும்பாலும் மசாலா அல்ல, ஈரம். கழுவிய பாட்டிலைத் துணியால் துடைப்பதோடு நிறுத்தாமல் ஓவனில் மிதமான சூட்டில் உலர்த்தி, முற்றிலும் ஆறிய பிறகு ஊறுகாயை நிரப்பி, மாங்காய்த் துண்டுகளுக்கு மேல் விரற்கடை உயரம் எண்ணெய் நிற்கும்படி விடுங்கள். உங்கள் மாமியாருக்கு இது என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். அவசரத்தில் விட்டுப்போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

அங்காடி மாதந்தோறும் சரக்கு கேட்கும். நம் நாட்டில் மாங்காய்ப் பருவமோ டிசம்பர் முதல் மார்ச் வரைதான். பருவத்தில் உப்பிட்டுச் சேமித்து வைக்க இடம் இருக்கிறதா, இல்லையென்றால் மற்ற மாதங்களில் காய்கறி ஊறுகாயை ஏற்றுக்கொள்வார்களா என்பதை இப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். விற்காத பாட்டிலை யார் தலையில் கட்டுவார்கள் என்பதையும் கேளுங்கள்.

இன்னொன்று. 2018 ஆம் ஆண்டின் உணவு வளாக விதிகளின்படி, வீட்டுச் சமையலறையில் செய்து விற்பவருக்கும் நகராட்சியின் சுகாதாரச் சான்றிதழ் கட்டாயம். ஆய்வாளர் நேரில் வந்து பார்த்த பிறகே அதைத் தருவார். அது கையில் இல்லாமல் எந்த அங்காடியோடும் பேச்சுவார்த்தையைத் தொடங்க வேண்டாம். பாட்டிலின் லேபிளில் சேர்மானங்களை எடையில் அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுத வேண்டும். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும் என்பது பலர் நினைவுக்கு வருவதில்லை. கோதுமை ஒவ்வாதவர்கள் அந்த லேபிளை நம்பித்தான் சாப்பிடுகிறார்கள். அதனால் அதையும் தவறாமல் எழுதுங்கள்.

இவ்வளவையும் செய்த பிறகு, 46 ரேண்டுக்குக் குறையாத ஒரு விலையைச் சொல்லிப் பாருங்கள். மறுத்தால், கோயில் விழாக்களிலும் தெரிந்த வீடுகளிலும் கைக்குக் கை விற்பதைத் தொடருங்கள். அங்கேயும் 45 ரேண்டை 55 ஆக உயர்த்துங்கள்.

கேள்வி: தைப்பூசக் காவடிக்கும் ஆடிக் கூழுக்கும் வேண்டிய பூஜைச் சாமான்களை வார இறுதிச் சந்தைகளில் விற்றுவருகிறேன். நல்ல விற்பனை இருப்பதால், கடன் வாங்கி ஒரு கடையை வாடகைக்குப் பிடிக்க நினைக்கிறேன். (வாசகர், பீனிக்ஸ்)

பதில்: உங்கள் விற்பனை விழா மாதங்களைச் சார்ந்தது, வாடகையோ பன்னிரண்டு மாதமும் கட்ட வேண்டியது. விழா இல்லாத மூன்று மாதங்களின் வரவை மட்டும் தனியாகக் கூட்டிப் பாருங்கள். அதிலிருந்து வாடகையைக் கட்ட முடிந்தால் கடையைப் பிடிக்கலாம். முடியாவிட்டால் இன்னோர் ஆண்டு சந்தையிலேயே இருங்கள். அதுவரை வரும் பணம் முழுவதையும் ஒரே வங்கிக் கணக்கில் போட்டு வாருங்கள். கடன் கொடுப்பவர் முதலில் கேட்பது அந்தக் கணக்கைத்தான். சீட்டுப் பணத்தையும், ஸ்டாக்வெல் என்னும் கூட்டுச் சேமிப்புக் குழுவின் பணத்தையும் சரக்கு வாங்கத் தொடாதீர்கள். அது மற்றவர்களுடைய சேமிப்பும்கூட.

கேள்வி: என் மளிகைக் கடைக்குக் காப்பீடு இருக்கிறது. கலவரத்தில் சேதம் வந்தால் அது போதுமா? (வாசகர், வெருலம்)

பதில்: சாதாரணக் கடைக் காப்பீடு மட்டும் இருந்தால் போதாது, ஐயா. தீ, திருட்டு போன்றவற்றுக்கு ஈடு தரும் அந்தக் காப்பீடு கலவரச் சேதத்தை ஏற்காது. இந்நாட்டில் அதற்கென்று 1979 இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனம் சாஸ்ரியா. அதன் பாதுகாப்பை உங்கள் வழக்கமான காப்பீட்டு நிறுவனத்தின் வழியாகவே சேர்த்துக்கொள்ளலாம்.

2021 ஜூலையில் டர்பனிலும் சுற்றுப்புறத்திலும் கடைகள் சூறையாடப்பட்டபோது என் கடையும் காலியானது. ஆண்டுதோறும் தவறாமல் தவணை கட்டியிருந்தும், அந்த ஒரு வரி என் காப்பீட்டுப் பத்திரத்தில் இல்லை என்பது மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது. எங்கள் முகவர் அதை ஒரு முறைகூடச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. இன்றே உங்கள் முகவரை அழைத்து, சாஸ்ரியா என்ற சொல் உங்கள் பத்திரத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று படித்துக் காட்டச் சொல்லுங்கள். சரக்கின் மதிப்பாக அதில் எழுதியிருக்கும் தொகை இன்றைய விலைக்கு ஏற்றதா என்றும் பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அலமாரிகளைப் படம் எடுத்து, சரக்குப் பட்டியலோடு மகன் அல்லது மகள் வீட்டில் வைத்திருங்கள். என் பட்டியல் கல்லாப்பெட்டிக்குள் இருந்தது. பெட்டியோடு அதுவும் போய்விட்டது.