கைவேக்குவம் பேட்டரி: கேளுங்கள், சொல்கிறேன்

பல செல்களைச் சேர்த்துக் கட்டிய பேட்டரி பேக்கைப் பிரித்துச் செல் மாற்றுவது எனக்குப் பல வருடப் பழக்கம். கம்பியில்லாத கைவேக்குவம், அதாவது கையில் பிடித்துத் தூசி உறிஞ்சும் மெஷின் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில்.

கேள்வி: சார், இரண்டு வருட மெஷின். முன்பு 15 நிமிடம் ஓடும், இப்போது 4 நிமிடத்தில் நின்றுவிடுகிறது. பேட்டரி மாற்ற வேண்டியதுதானா?

பதில்: அவசரப்படாதீர்கள். தூசிப் பெட்டியைக் காலிசெய்து, ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒரு பத்து நொடி ஓட்டிக் காதால் கேளுங்கள். ஃபில்டர் இருக்கும்போது கீச்சென்ற சத்தம், எடுத்ததும் சாதாரணச் சத்தம் என்றால் குற்றவாளி ஃபில்டர். காற்று வர வழியில்லாதபோது விசிறிக்குத் தள்ள வேலை இல்லை, அதனால் மோட்டார் வேகமாகச் சுற்றிக் கீச்சிடும். மோட்டாரைக் குளிரவைப்பதும் அதே காற்றுதான். அது நின்றால் சூடேறி, மெஷின் தானாக அணைந்துவிடும். சில மாடல்கள் அடைப்பு இருந்தால் விட்டுவிட்டு ஓடும். அதையும் பேட்டரி கோளாறு என்று நினைத்துப் பணம் செலவழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஃபில்டரைக் கழுவினால் ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். சுத்தமான ஃபில்டரோடும் 4 நிமிடம்தான் என்றால், சரி, பேட்டரிதான்.

கேள்வி: அண்ணா, காருக்கு யு.எஸ்.பி. சார்ஜ் வேக்குவம் வாங்கினேன். பெட்டியில் 120 வாட், 25 நிமிடம் என்று இருக்கிறது. புதுசிலேயே 8 நிமிடத்தைத் தாண்டவில்லை. பேட்டரி பழுதா?

பதில்: பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது தம்பி, பெட்டிதான் பொய் சொல்கிறது. அந்த வகையில் பெரும்பாலும் 2 செல் இருக்கும்: 7.4 வோல்ட், 2000 மில்லி ஆம்பியர் மணி, அதாவது 2 ஆம்பியர் மணி கொள்ளளவு. பெருக்கினால் 14.8 வாட் மணி. 120 வாட்டில் இழுத்தால் 7 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. 25 நிமிடம் ஓட வேண்டுமானால் 35 வாட்டுக்குமேல் இழுக்க முடியாது. இரண்டில் ஒன்றைத்தான் நம்பலாம்.

கேள்வி: என்னுடையது 14.4 வோல்ட் லித்தியம் பேக். ஆன்லைனில் 9900 மில்லி ஆம்பியர் மணி செல் மலிவாகக் கிடைக்கிறது. நான்கு வாங்கிப் போட்டுவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். உள்ளே இருப்பது பெரும்பாலும் 18650 செல்: 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். அந்த அளவுக்குள் நல்ல கம்பெனிகளே 3500 பக்கம்தான் எட்டியிருக்கின்றன. 9900 என்று அச்சடித்த செல்லைத் தராசில் வையுங்கள். நல்ல செல் 45 முதல் 50 கிராம் இருக்கும். போலி பல சமயம் அதைவிட லேசு.

இன்னொன்றையும் பாருங்கள். வேக்குவம் மோட்டார் ஒரே மூச்சில் 10 ஆம்பியர், அதற்கு மேலும் கேட்கும். டார்ச்சுக்கும் பவர் பேங்குக்கும் செய்த செல் இதற்குத் தாங்காது. கொள்ளளவு 2500 ஆக இருந்தாலும் பரவாயில்லை, தொடர்ந்து 20 ஆம்பியர் கொடுக்கும் செல்லாகப் பார்த்து வாங்குங்கள். நான்கும் ஒரே மாடல், ஒரே வயது. மூன்று பழசோடு ஒரு புதுசு சேர்த்தால், பலவீனமானது முதலில் காலியாகி மொத்த பேக்கையும் இழுத்துக்கொண்டு போகும்.

செல் மீது நேரடியாகச் சாலிடர் வைக்காதீர்கள், சூடு உள்ளே இறங்கிக் கெடுத்துவிடும். நிக்கல் பட்டை வைத்து, புள்ளி புள்ளியாக நொடியில் ஒட்டும் ஸ்பாட் வெல்டிங் செய்ய வேண்டும். சென்னை என்றால் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருப் பக்கம் விசாரித்துப் பாருங்கள். உங்கள் மாடலுக்கு முழு பேக்காகவே, இரண்டு திருகு கழற்றி மாட்டுகிற மாதிரி கிடைத்தால், இந்தத் தலைவலியே வேண்டாம், அதை வாங்கிவிடுங்கள்.

கேள்வி: ஐயா, பழைய நிக்கல் காட்மியம் மெஷின், அதுவும் 14.4 வோல்ட். வோல்ட் ஒன்றுதானே, லித்தியம் போட்டால் என்ன?

பதில்: தீப்பிடிக்கலாம். உங்களுடையதில் 1.2 வோல்ட் செல் 12 இருக்கிறது. அந்தச் சார்ஜருக்கு எங்கே நிறுத்துவது என்றே தெரியாது, சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொண்டே இருக்கும். லித்தியம் செல் 4.2 வோல்ட்டில் நிறுத்தியே ஆக வேண்டும். நிக்கல் காட்மியமோ நிக்கல் மெட்டல் ஹைட்ரைடோ, அதே 12 எண்ணிக்கையில் போடுங்கள். ஹைட்ரைடு என்றால் சார்ஜ் ஏறியதும் பிளக்கை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஊருக்குப் போய் எட்டு மாதம் கழித்து வந்தோம். லித்தியம் மெஷின், சார்ஜே ஏறவில்லை. வேறு பேட்டரியைத் தொட்டு உயிர் கொடுக்கலாம் என்று ஒரு வீடியோவில் காட்டுகிறார்கள்.

பதில்: அந்த வீடியோவை மூடிவிடுங்கள் அக்கா. காலியான நிலையிலேயே வைத்துவிட்டுப் போயிருப்பீர்கள். பேக்குக்குள் இருக்கும் பாதுகாப்பு போர்டும் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் குடிக்கும். மல்டிமீட்டரில் வெளி முனை பூஜ்ஜியம் காட்டினால் அதை வைத்து முடிவு கட்ட வேண்டாம், போர்டு மின்சாரத்தை வெளியே விடாமல் கதவைச் சாத்தியிருக்கலாம். தெரிந்தவரைவிட்டு ஒவ்வொரு செல்லையும் அளக்கச் சொல்லுங்கள். 2.5 வோல்ட்டுக்கு மேல் என்றால் பிழைக்க வாய்ப்புண்டு. மாதக்கணக்கில் 2 வோல்ட்டுக்குக் கீழே கிடந்திருந்தால் உள்ளே செம்புத் தகடு கரைந்திருக்கும். மறுபடி ஏற்றும்போது அந்தச் செம்பு படிந்து, உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும்.

அடுத்த முறை பாதி சார்ஜில் வைத்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: வேலை முடிந்ததும் உடனே சார்ஜ் போடலாமா? காரிலேயே வைத்திருக்கலாமா?

பதில்: சூடு ஆறட்டும், அரை மணி நேரம் போதும். கார் வேண்டாம். மே மாத வெயிலில் மூடிய காருக்குள் வைப்பதும் பேட்டரியை அடுப்புப் பக்கத்தில் வைப்பதும் ஒன்றுதான்.

கேள்வி: கழற்றிய பழைய செல்லைக் குப்பையில் போடலாமா?

பதில்: கூடாது. குப்பை வண்டியில் நசுங்கினால் பற்றிக்கொள்ளும். இரு முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மின் கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். இந்தியாவில் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. அதனால் சர்வீஸ் சென்டரிலும் கேட்டுப் பாருங்கள். கொடுக்கும் அளவுக்குப் பழைய செல்கள் சேருகிறவரை, நான் அவற்றை ஒரு மண் சட்டியில் போட்டு, வெயிலும் மழையும் படாத பால்கனி மூலையில் வைத்திருக்கிறேன். துளசிக்குப் பக்கத்தில் இதென்ன கண்றாவி என்று வீட்டில் வாரம் ஒரு முறை திட்டு விழும்.