எங்கள் சபையில் வழக்கத்தை விட்டுப் புதுமையாக ஆராதனையும் ஜெபக்கூட்டமும் நடத்தச் சொல்கிறார்கள். எப்படித் திட்டமிடுவது?

"புதுமையாக" என்ற அந்த ஒரு சொல்லைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். அதனிடம் நான் நன்றாகவே அடி வாங்கியிருக்கிறேன்.

நீங்கள் யாரென்று தெரியாது, ஆனால் ஊகிக்க முடிகிறது. சபைக்குப் புது ஐயர் (போதகரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) வந்திருப்பார். "இந்தத் தடவை வித்தியாசமா ஏதாவது பண்ணுங்க" என்று உங்கள் தலையில் கட்டிவிட்டு வேறு ஆராதனைக்குக் கிளம்பியிருப்பார். நீங்களும் யூடியூபில் பெரிய ஊர்ச் சபைகளைப் பார்த்திருப்பீர்கள். கறுப்புத் திரை, கலர் லைட், புகை. உங்கள் கையில் இருப்பதோ ஐயாயிரம் ரூபாயும் நாலு வாலிபப் பிள்ளைகளும். நான் சொன்னது தப்பென்றாலும் பரவாயில்லை, பதில் அதேதான்.

நான் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சேகரத்தைச் சேர்ந்தவள், அதாவது ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைப் பகுதி; ஓய்வுபெற்ற ஆசிரியை. இறையியல் படித்தவள் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் மார்ச் மாத உலக ஜெப நாள் பல வருடங்களாக என் பொறுப்பு. தெரியாதவர்களுக்காக: 1927 முதல் உலக அளவில் நடக்கிற ஜெப நாள் இது. ஒவ்வொரு வருடமும் ஒரு நாட்டுக் கிறிஸ்தவப் பெண்கள் ஆராதனை முறைமையை எழுதுவார்கள், மார்ச் முதல் வெள்ளியன்று ஊர் ஊராக அதை வைத்து ஜெபிப்பார்கள். எந்த வருடம் எந்த நாடு என்பது பல வருடங்களுக்கு முன்பே முடிவாகிவிடும்.

2023-இல் தைவான். "கிரியேட்டிவா பண்ணுவோம்" என்று ஆறு பெண்களுக்குப் பழைய பட்டுச் சேலையை வெட்டி அங்கி தைத்தோம். கொண்டையில் பின்னல் ஊசி செருகினோம். சிவப்புக் காகித விளக்கு செய்து மின்விசிறிக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டோம். அதனால் அன்று முழுக்க ஃபேன் போட முடியவில்லை. மார்ச் வெயிலில் அங்கிக்குள் வேர்த்து ஊற்ற, இரண்டாம் ஜெபம் வாசித்த பெண் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். வாட்ஸ்அப்பில் போட்டோ பறந்தது, பாராட்டு குவிந்தது. ஒரு வாரம் கழித்து ஞாயிறு பள்ளிப் பிள்ளை ஒருத்தியிடம், "போன வெள்ளிக்கிழமை எதுக்காக ஜெபம் பண்ணினோம்ட்டி?" என்று கேட்டேன். "தாய்லாந்துல லைட் செய்றவங்களுக்காக டீச்சர்." சிரித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

2024-க்குப் பாலஸ்தீனப் பெண்கள் எழுதிய முறைமை. "அன்பினால் ஒருவரையொருவர் தாங்கி" என்ற எபேசியர் நாலாம் அதிகார வசனம்தான் கரு. அட்டைப்படத்தில் ஒலிவ மரம். பழக்கதோஷத்தில் சேலையை எந்த மாதிரி வெட்டலாம் என்று பேச ஆரம்பித்தோம். அதற்குள் வெள்ளம் வந்துவிட்டது.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய், சுமார் 800 பேர் சுற்றிலும் தண்ணீருக்கு நடுவே மாட்டிக்கொண்டதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் சபையில் பாதிக் குடும்பங்களின் வீட்டுக்குள் ஆறு வந்துவிட்டுப் போனது. அந்த கிறிஸ்துமஸுக்குக் கேரல் ரவுண்டு கிடையாது. மண்வெட்டியும் பினாயிலும்தான்.

ஜனவரி கடைசியில் திரும்பக் கூடினோம். யாருக்கும் நாடகம் போடத் தெம்பில்லை. சரி, புத்தகத்தை வாசிக்கவாவது செய்வோம் என்று உட்கார்ந்தோம். பின்னணிக்காக நான் ஒன்று சொன்னேன். 1948-இல் இஸ்ரவேல் நாடு உருவான சமயத்துப் போரில் ஏழு லட்சம் பாலஸ்தீனர்கள் அளவில் வீடுவாசலை விட்டுப் போனார்கள், பல குடும்பங்கள் அந்த வீட்டுச் சாவியை இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறார்கள், பெத்லகேமில் ஓர் அகதிகள் முகாமின் வாசலுக்கு மேல் பெரிய இரும்புச் சாவியே செய்து வைத்திருக்கிறார்கள் என்று. பின்னால் சுவரோரம் இருந்த ஒரு பாட்டி, சங்கக் கூட்டத்தில் வாயே திறக்காதவர், முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே ஒரு பித்தளைச் சாவி.

"வீடு சாஞ்சு போச்சு. கதவு ஆத்தோட போச்சு. இத எங்கன போடன்னு தெரியல, டீச்சர்."

அதற்கப்புறம் சேலை வெட்டுவதைப் பற்றி யாரும் பேசவில்லை.

இங்கேதான் சண்டையும் ஆரம்பித்தது. சேகரக் கமிட்டியில் ஓர் அண்ணாச்சி, நல்ல மனிதர், வெள்ளத்தில் தன் கடை அரிசியை மூட்டை மூட்டையாக ஊருக்குக் கொடுத்தவர். அவர் கேட்டார்: "நாம இஸ்ரவேலுக்காகத்தானம்மா ஜெபிக்கணும்? இது என்ன அரசியல்?" அவருக்குச் சொன்னதையே இதை வாசிக்கிற மற்ற அண்ணாச்சிகளுக்கும் சொல்கிறேன், கமெண்டில் வந்து சண்டை போட வேண்டாம். 2023 அக்டோபரில் ஹமாஸ் தாக்குதலில் கொல்லப்பட்ட இஸ்ரவேலர்களுக்காகவும் பிணைக்கைதிகளுக்காகவும் பேர் சொல்லியே அன்று ஜெபித்தோம். ஆனால் பெத்லகேமில் இன்றும் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள் என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. அந்த டிசம்பரில் அங்கே ஒரு லுத்தரன் ஆலயத்தில் குடிலே வைக்கவில்லை. இடிபாட்டுக் கற்களைக் குவித்து, நடுவில் குழந்தை இயேசுவைக் கிடத்தினார்கள். காசு செலவில்லை, லைட் இல்லை. உலகமே பார்த்தது. அந்தப் படத்தை அண்ணாச்சியிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். ஒத்துக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். தடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது ஒலிவ மரம். அதற்கு இங்கே எங்கே போக? வெள்ளத்துக்கு அசையாமல் நின்றது பனைதான், பனையோலையையே வைப்போம் என்றேன். "பனை வேதத்துல இல்லியே, அங்க உள்ளது ஈச்சம்" என்றார் பாடகர் குழுவில் ஒருவர். வருடா வருடம் குருத்தோலை ஞாயிறன்று பனங்குருத்தில் சிலுவை பின்னிப் பிடித்துக்கொண்டு ஓசன்னா பாடுகிறோமே, அது எந்த ஊர் ஓலை என்று கேட்டேன். ஐயரம்மா சிரித்துவிட்டார். பிரச்சினை முடிந்தது.

திட்டமே இவ்வளவுதான்: பீடத்துக்கு முன்னால் சின்ன மேஜை, நாலு பச்சை ஓலை, ஒரு தாம்பாளம். புத்தகத்திலிருந்த முறைமையில் பாதியைக் குறைத்தோம் (இதற்கும் ஒருவர் கோபித்துக்கொண்டார்). 69-ஆம் சங்கீதத்தைச் சேர்த்தோம். "ஆழமான உளையில் அமிழ்ந்திருக்கிறேன், நிற்க நிலையில்லை." நாற்பது வருடமாக வாசிக்கிற வசனம். உளை என்றால் என்னவென்று முழங்கால்வரை சேற்றில் நின்ற பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. அதை வாசிக்க நல்ல குரல் உள்ளவரைத் தேடவில்லை. ஏரல் பக்கம் கட்டிக்கொடுத்த மகளின் வீட்டில் இரண்டு நாள் மொட்டை மாடியில் இருந்த ஒரு அம்மாவை வாசிக்கச் சொன்னோம். தட்டுத் தடுமாறித்தான் வாசித்தார்.

பாட்டியை மைக்கில் பேசச் சொன்னோம், மாட்டேன் என்றுவிட்டார். கட்டாயப்படுத்தவில்லை. தயவுசெய்து நீங்களும் யாரையும் அழவைத்து மைக்கைக் கொடுக்காதீர்கள், அது சாட்சி இல்லை, கண்காட்சி. அவர் எழுந்து வந்தார், சாவியைத் தாம்பாளத்தில் வைத்தார், போய் உட்கார்ந்தார். பாலஸ்தீனத் தாய்மார்களுக்கான ஜெபத்தை அதற்கப்புறம் வாசித்தோம். வேறு விளக்கம் சொல்லவில்லை. பிறகு, இழப்பு உள்ளவர்கள் வந்து மேஜையைத் தொட்டுவிட்டுப் போகலாம் என்று மட்டும் ஐயர் சொன்னார். யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். வரிசை வாசல் வரை நின்றது. அந்த அண்ணாச்சியும் அதில் நின்றார்.

எல்லாம் அழகாக நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று நிமிடம் மௌனம் என்று எழுதியிருந்தோம். முப்பதாவது விநாடியில், யாரோ தங்கள் பகுதியை மறந்துவிட்டார்கள் போல என்று நினைத்து, கீபோர்டு தம்பி சபையைக் காப்பாற்றுவதற்காக வாசிக்க ஆரம்பித்துவிட்டான். நான் கையைக் காட்ட, அவன் அதைச் சத்தம் கூட்டச் சொல்வதாக எடுத்துக்கொண்டான். நம் சபைகளுக்கு மௌனம் பழக்கமில்லை. பிரான்ஸில் தெசே என்ற ஊரில் ஒரு துறவியர் சமூகம் 1940-லிருந்து இருக்கிறது. அவர்கள் ஜெபத்தின் நடுவில் நீண்ட மௌனம் உண்டு, ஒரு வரிப் பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடுவதும் உண்டு. முதல் தடவை நீங்கள் ஒரு நிமிடத்தில் ஆரம்பியுங்கள். கீபோர்டு வாசிப்பவரிடம் முன்கூட்டியே, முடிந்தால் எழுதியே, கொடுத்துவிடுங்கள்.

முடிந்ததும் அந்தச் சாவியை ஆலயத்திலேயே ஞாபகமாக வைக்கலாமே என்று சிலர் சொன்னார்கள். பாட்டி "அதெல்லாம் வேண்டாம்மா" என்று எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

"இவள் பாரம்பரியத்துக்கு எதிரி" என்று யாராவது சொல்வதற்கு முன் இன்னொன்று. ஞானப்பாட்டிலும் கீர்த்தனையிலும் வளர்ந்தவள் நான். ஆனால் தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரிகள் ஊழியம் செய்த காலத்தில் நம் முன்னோர்கள் ஜெர்மன் மெட்டில்தான் ஞானப்பாட்டு பாடினார்கள். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் போன்றவர்கள் நம் ராகத்தில் எழுதிய கீர்த்தனைகளையும் சேர்த்து, மதுரை அமெரிக்க மிஷனில் வெப் ஐயர் 1853-இல் புத்தகமாகப் போட்டார். திருவிருந்தில் கைக்குக் கை சமாதானம் கொடுக்கிறோமே, அது 1950-இல் தென்னிந்தியத் திருச்சபை வகுத்த முறைமையோடு நமக்கு வந்தது. நம் காலத்திலேயே, பரட்டை என்று எல்லோரும் கூப்பிட்ட தியாபிலஸ் அப்பாவு ஐயா கிராமியப் பாட்டிலேயே ஒரு முழு ஆராதனை முறைமையை எழுதினார். தாத்தா காலத்துப் புதுமை என்றால் பக்தி, பேரன் காலத்துப் புதுமை என்றால் உலகப்பிரகாரமா?

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த ட்ராக் (முன்பே பதிவு செய்த இசை) வைத்துப் பாடுகிற வியாதி. எங்கள் பாடகர் குழுவில் முன்பு மூன்று பேர் ஆர்மோனியம் வாசிப்பார்கள், ஒருவர் மிருதங்கம். இப்போது பென் டிரைவைச் செருகிவிட்டு அதன் பின்னால் ஓடுகிறார்கள். போன கிறிஸ்துமஸுக்கு நடுவில் கரண்ட் போனது. இருபது பேர் வாயைத் திறந்தபடி நிற்கிறார்கள், அடுத்த வரியை எடுக்க ஒருவருக்கும் சுருதி தெரியவில்லை. முதல் பெஞ்சில் இருந்த ஒரு தாத்தா தொடையைத் தட்டித் தாளம் போட்டுப் பாட்டை முடித்துவைத்தார். அந்தப் புது ஸ்பீக்கர்களின் விலையை எழுதினால் என்னைச் சங்கத்திலிருந்து நீக்கிவிடுவார்கள்.

2025-இல் குக் தீவுகள். மறுபடியும் பூமாலை, பாவாடை, ஆட்டம் என்று போனார்கள். நான் தடுக்கவில்லை, பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது. அந்தத் தீவுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தால் "கியா ஓரானா" என்பார்களாம், நீடூழி வாழ்க என்று அர்த்தம். சிறு பிள்ளைகள் இன்னும் என்னைத் தெருவில் பார்த்தால் அப்படித்தான் கத்துகிறார்கள். அதனால் வேஷமே கட்டக் கூடாது என்று நான் சட்டம் போட மாட்டேன். ஆனால் வேஷத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், ஒரு கூட்டம் முழுக்க உங்கள் சபையில் இந்த வருடம் யாருக்கு என்ன நடந்தது என்று மட்டும் பேசுங்கள். சுவரோரம் உட்காருகிறவர்களையும் கூப்பிடுங்கள். யாருக்கு வேலை போனது, யார் மகன் கப்பலில் இருக்கிறான், யார் வீட்டில் பேச்சில்லை. எந்த சங்கீதம் வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும். அப்புறம் பட்டியலில் இருப்பதில் பாதியை வெட்டுங்கள். நன்றியுரையை முதலில் வெட்டுங்கள்.

மெழுகுவர்த்தி வைப்பதாக இருந்தால் அட்டையை வட்டமாக வெட்டி நடுவில் செருகிக் கொடுங்கள். நாங்கள் ஒரு வருடப்பிறப்பு ராத்திரியில் அதை மறந்துவிட்டோம். மறுநாள் காலை ஊரே புதுத்துணியில் கைகுலுக்கிக்கொண்டிருக்க, நானும் கோயில்பிள்ளையும் (ஆலயத்தைப் பார்த்துக்கொள்கிற பணியாளர்) பழைய ஏடிஎம் கார்டை வைத்து டைல்ஸில் மெழுகு சுரண்டிக்கொண்டிருந்தோம்.