டெங்குக் காய்ச்சல்: குடியிருப்போரின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: புகை மருந்து அடித்த மூன்றாம் நாளே கொசுக்கள் திரும்பி வந்துவிட்டன. மருந்தில் வீரியம் இல்லையா?

பதில்: மருந்தைக் குறை சொல்லும் முன் அது எதைக் கொல்லும் என்று பார்க்க வேண்டும். புகை அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுக்களைத்தான் கொல்லும்; தண்ணீரில் இருக்கும் புழுக்களும் கூட்டுப்புழுக்களும் தப்பிவிடும். முட்டை கொசுவாவதற்கு ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் போதும் என்பதால், புகை அடித்த அன்று கூட்டுப்புழுவாக இருந்தவை ஓரிரு நாட்களிலேயே பறக்கத் தொடங்கிவிடும்.

கேள்வி: வாரந்தோறும் தொட்டியைக் காலி செய்கிறோம். பிறகும் புழு தென்படுகிறதே?

பதில்: காலி செய்வதோடு நிறுத்திவிடுவதே காரணமாக இருக்கலாம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில், கரும்புள்ளி போன்ற முட்டைகளை ஒட்டிவைக்கும். அவை காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடு இருந்து, மீண்டும் தண்ணீர் பட்டதும் பொரியும். ஆகவே வாரம் ஒருமுறை உட்சுவரைத் தூரிகையால் அழுத்தித் தேய்த்துக் கழுவி, காயவைத்து, இடைவெளியில்லாமல் மூட வேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, பூந்தொட்டியின் அடித்தட்டு, மாடியில் கிடக்கும் பழைய டயர் ஆகியவற்றையும் அதே நாளில் பாருங்கள். டார்ச் அடித்துப் பார்த்தால், நெளிந்து நெளிந்து அடியை நோக்கி இறங்கும் புழுக்கள் கண்ணில் படும்.

கேள்வி: சாக்கடையைச் சுத்தம் செய்தால் டெங்கு ஒழியுமா?

பதில்: ஒழியாது. சாக்கடையில் பெருகுபவை பெரும்பாலும் வேறு வகைக் கொசுக்கள். டெங்குவைப் பரப்பும் கொசு வீட்டிலும் வீட்டைச் சுற்றியும் தேங்கும் ஓரளவு தெளிந்த நீரையே நாடும்.

கேள்வி: என் மகனுக்கு நான்கு நாட்களாக இருந்த காய்ச்சல் இன்று விட்டுவிட்டது. நாளை பள்ளிக்கு அனுப்பலாமா?

பதில்: தயவுசெய்து அனுப்ப வேண்டாம். காய்ச்சல் தணிந்தவுடன் நிம்மதி அடைவது இயல்புதான் என்றாலும், டெங்குவில் உடல்நிலை மோசமாகும் வாய்ப்பு அதிகமுள்ள நேரம் அதையொட்டி வரும் 24 முதல் 48 மணி நேரமே. அப்போதுதான் இரத்த நாளங்களிலிருந்து நீர் கசிந்து, இரத்த அழுத்தம் சரியும் அபாயம் ஏற்படுகிறது. கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், வேகமான மூச்சு, அளவுகடந்த சோர்வு அல்லது அமைதியின்மை, கை கால் சில்லிடுதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காமை ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், இரவு என்று பாராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் (பிளேட்லெட்) எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டு இந்த அறிகுறிகளைத் தவறவிடும் பெற்றோரை நினைத்தே இதை அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: உடல்வலிக்கு வீட்டில் இருக்கும் மாத்திரையைக் கொடுக்கலாமா?

பதில்: பாராசிட்டமாலை மட்டும், மருத்துவர் சொன்ன அளவில் கொடுக்கலாம். ஆஸ்பிரின், இபுபுரூஃபென் இரண்டும் இரத்தக்கசிவைத் தூண்டக்கூடியவை என்பதால் கூடாது. டெங்கு வைரஸால் வருவதால் ஆன்டிபயாடிக் அதைக் குணப்படுத்தாது. நீராகாரத்தை அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

கேள்வி: எனக்கு ஒருமுறை வந்துவிட்டது. இனி வராதல்லவா?

பதில்: டெங்கு வைரஸில் 4 வகைகள் உள்ளன. ஒரு வகை தாக்கினால் அதற்கெதிராக மட்டுமே நீண்டகால எதிர்ப்பு கிடைக்கும். இரண்டாம் முறை வேறு வகை தாக்கும்போது நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடுதல் என்பதால், ஏற்கெனவே வந்தவர்களே அதிகக் கவனமாக இருக்க வேண்டும்.

கேள்வி: நோயாளியின் தட்டு, டம்ளரைத் தனியாக வைக்க வேண்டுமா?

பதில்: தேவையில்லை, தொடுவதாலோ சேர்ந்து உண்பதாலோ டெங்கு தொற்றாது. ஆனால் காய்ச்சல் இருக்கும் நாட்களில் அவரைக் கடிக்கும் கொசு, சில நாட்களுக்குப் பிறகு வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் பக்கத்து வீட்டாருக்கும் வைரஸைக் கடத்தும். இந்தக் கொசு பகலில், குறிப்பாகக் காலையிலும் மாலை இருட்டுவதற்கு முன்பும் கடிப்பதால், நோயாளி பகலில் படுத்திருக்கும்போதும் கொசுவலை கட்டுங்கள்.