பெட்ராவைப் பார்க்க ஒரு நாள் போதுமா?

போதாது என்பதே என் பதில். ஜோர்டானில் இருக்கும் பண்டைய நகரமான பெட்ராவுக்கு ஒரே நாள் ஒதுக்கிச் செல்பவர்களில் பலர், கஸ்னே என்னும், பாறையில் செதுக்கிய புகழ்பெற்ற முகப்பின் முன்னால் படம் எடுத்துக்கொண்டு, வெயில் ஏறியதும் திரும்பிவிடுகின்றனர். முதல் நாள் நானும் ஏறக்குறைய அப்படித்தான் செய்தேன். மறுநாள் அதே வழியில் நிதானமாக நடந்தபோதுதான், முந்தைய நாள் எத்தனையைப் பார்க்காமல் கடந்திருக்கிறேன் என்று விளங்கியது.

நகருக்குள் நுழையும் வழியான, சிக் எனப்படும் குறுகிய மலையிடுக்கு சுமார் 1.2 கிலோமீட்டர் நீளமுள்ளது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தபடி நடக்கும் இந்த வழியில், பக்கச் சுவரையும் கவனிக்க வேண்டும். ஒரு புறம் பாறையிலேயே வெட்டிய வாய்க்கால் ஓடுகிறது. மறுபுறம் சுடுமண் குழாய்களைப் பதித்துச் சாந்து பூசிய தடம் இன்னும் தெரிகிறது. மழை அரிதான இந்தப் பாலை நிலத்தில், பெட்ராவை உருவாக்கிய பண்டைய அரபு மக்களான நபாத்தியர் ஒரு தலைநகரையே நடத்த முடிந்தது, ஊற்று நீரை இப்படி உள்ளே கொண்டுவந்ததோடு, திடீர் வெள்ளத்தை அணை கட்டிச் சுரங்க வழியே திருப்பியும் விட்டதால்தான். அந்த ஏற்பாடு சிதைந்து கிடந்த காலத்தில், 1963-இல், சிக்கினுள் புகுந்த வெள்ளத்தில் 20-க்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகள் உயிரிழந்தனர். வழியில் ஓரிடத்தில் வணிகர் கூட்டமொன்றின் புடைப்புச் சிற்பம் உள்ளது. மேற்பகுதி தேய்ந்துபோய், ஒட்டகங்களின் கால்களும் ஓட்டிச் செல்பவரின் ஆடை விளிம்பும் மட்டுமே எஞ்சியுள்ளன. கஸ்னேயைவிட அதன் முன்தான் நான் அதிக நேரம் நின்றேன்.

கஸ்னே ஏறத்தாழ 40 மீட்டர் உயரம். இரு ஓரங்களிலும் வரிசையாகத் தெரியும் குழிகள், சிற்பிகள் ஏறி இறங்கக் கால் வைத்தவை என்று கருதப்படுகின்றன. கழுகுமலை வெட்டுவான் கோயிலைப் போலவே இதையும் மேலிருந்து கீழாகச் செதுக்கினர். உச்சியிலுள்ள கலசத்தில் புதையல் இருப்பதாக நம்பிச் சுட்ட துப்பாக்கிக் குண்டுகளின் தழும்புகளையும் காணலாம். அந்தக் கலசமோ முழுக் கல்!

"பாறையில் குடைந்த நகரம்" என்ற பெயர், உண்மையில், சற்றே ஏமாற்றக்கூடியது. குடைந்தவற்றுள் பெரும்பாலானவை கல்லறைகள். உயிரோடிருந்தவர்களின் வீடுகளும் கடைத்தெருவும் பள்ளத்தாக்கில் கல்லால் கட்டப்பட்டிருந்தன. 363-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் அவற்றுள் பல இடிந்தன. பாறையோடு பாறையாக இருந்தவையே பெரிதும் தப்பின.

கஸ்னே கிழக்கு நோக்கியது. எனவே காலையில் அதைப் பாருங்கள். தெய்ர் என்னும் மற்றொரு மாபெரும் முகப்புக்கு ஏறத்தாழ 800 படிகள் ஏற வேண்டும். அதன்மேல் பிற்பகலில்தான் வெயில் விழும். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம், ஆனால் இடையில் உள்ளவற்றுக்குக் காலில் வலு மிஞ்சாது. கழுதைச் சவாரிக்கு வழியெங்கும் அழைப்பார்கள். அந்தப் படிகளில் அவை வழுக்கித் தடுமாறுவதைக் கண்ட பிறகு எனக்கு மனம் வரவில்லை.

நான் பார்த்த கட்டண விவரப்படி, ஜோர்டானில் இரவு தங்குவோருக்கு ஒரு நாள் நுழைவுக் கட்டணம் 50 தினார், இரண்டு நாளுக்கு 55 தினார். இரண்டாம் நாளுக்கு ஐந்தே தினார்தான் கூடுதல் என்பதால், பெட்ராவை ஒட்டிய ஊரான வாடி மூசாவில் இரண்டு இரவுகள் தங்கும்படி திட்டமிடுங்கள்.