அமெரிக்க ஹெவி மெட்டல் பேண்ட் மெட்டாலிகாவோட ரெண்டாவது ஆல்பத்துல அப்படி என்ன மாறுச்சு?

1983ல வந்த முதல் ஆல்பம் 'கில் எம் ஆல்' முழுக்க வேகம், கோவம்தான், அந்த வயசுல அது போதும். அடுத்த வருஷமே 'ரைடு த லைட்னிங்' வந்துச்சு, கோபன்ஹேகன்ல ப்ரொட்யூசர் ஃப்ளெமிங் ராஸ்முசென் கூட ரெக்கார்ட் பண்ணது. ப்ளே பண்ணதுமே அமைதியா அக்கூஸ்டிக் கிட்டார் வரும், ஆல்பம் மாத்திப் போட்டுட்டோமோன்னு நினைக்கிறதுக்குள்ள டிரம்ஸ் வெடிச்சு, முதல் ஆல்பத்தைவிட வேகமா பறக்கும். அதனால வேகத்தை விட்டுட்டாங்கன்னு சொல்றது தப்பு, அதுக்குப் பக்கத்துல மத்ததையும் கொண்டு வந்தாங்க.

இதுல பேஸ் கிட்டார் வாசிச்ச க்ளிஃப் பர்ட்டனுக்குப் பெரிய பங்கு இருக்கு. மனுஷன் மியூசிக் தியரி படிச்சவர், பழைய ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் (Bach) இசைன்னா உயிர், ரெண்டு கிட்டார் சேர்ந்து ஹார்மனியா போறதெல்லாம் அவர் கூட இருந்ததாலதான் இவ்ளோ அழகா வந்துச்சுன்னு நான் நம்புறேன். 'ஃபார் ஹூம் த பெல் டோல்ஸ்' ஆரம்பத்துல மணி அடிச்சதும் கரகரன்னு ஒரு மெலடி வருமே, நிறைய பேர் கிட்டார்னு நினைக்கிறாங்க, அது டிஸ்டார்ஷன் போட்டு, அதாவது சத்தத்தைக் கரகரப்பாக்கி வாசிச்ச பேஸ்.

'ஃபேட் டு பிளாக்' மெதுவா அழுதுகிட்டே போய் கடைசில சோலோல கொட்டித் தீர்க்கும். அன்னிக்கு த்ராஷ்ங்கிற அதிவேக மெட்டல் இசையோட ரசிகர்கள் சிலர் இதுக்கே திட்டுனாங்க, எனக்கு ஆல்பத்தோட உச்சமே அதுதான். முடிவுல கிட்டத்தட்ட 9 நிமிஷம் பாட்டு வரியே இல்லாத 'த கால் ஆஃப் துலு', அதை ஹெட்ஃபோன்லதான் கேளுங்க.