குரங்கும் ஸ்பேனரும்: பழைய சிரிப்பு சாகச கேம்கள், கேள்வி பதில்

மவுஸால் திரையில் உள்ளதைச் சுட்டி, கிளிக் செய்து புதிர்களை அவிழ்க்கும் 'பாயிண்ட் அண்ட் கிளிக்' கேம்களைப் பற்றி நம்ம குமரி மாவட்டத்து ஆட்கள் கேட்டவையும், அவற்றுக்கான பதில்களும்.

தக்கலை: அண்ணே, எங்கிட்ட இருக்கது பழைய லேப்டாப். காசு செலவில்லாம எதுல தொடங்கலாம்?

'ஃப்ளைட் ஆஃப் தி அமேசான் குயீன்'. 1995-இல் வந்தது, 2004 முதல் சட்டப்படியே இலவசம். நாயகன் ஒரு விமானி, பேர் ஜோ கிங். சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், கேமின் குணம் பிடிபட்டுவிடும்.

டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் காலத்து கேம் 64 பிட் விண்டோஸில் நேராக ஓடாது. அதனால் முதலில் ஸ்கம்விஎம் என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். கேமும் அதன் இணையதளத்திலேயே கிடைக்கும். சுருக்கிய ஜிப் ஃபைலைத் தனி ஃபோல்டரில் பிரித்துப் போட்டு, 'ஆட் கேம்' அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டினால் போதும். கேமின் பழைய இயக்க நிரலுக்குப் பதிலாக ஸ்கம்விஎம் நின்றுகொண்டு, படம், ஒலி, வசனம் உள்ள ஃபைல்களை மட்டும் வாசிக்கும். லேப்டாப் எவ்வளவு பழசானாலும் திணறாதது அதனால்தான்.

மார்த்தாண்டம்: ஃபோல்டரைக் காட்டினா கேமே இல்லைங்குது.

பெரும்பாலும் இரண்டே காரணம். ஜிப்பைப் பிரிக்காமல் விட்டிருப்பீர்கள். அல்லது பிரித்தபோது ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டர் விழுந்திருக்கும். கேம் ஃபைல்கள் கிடக்கிற உள் ஃபோல்டரைத் தேர்ந்தெடுங்கள். ஆண்ட்ராய்டு போனில் ஃபோல்டருக்கு அனுமதியும் வேண்டும். மேலே மேலே போனால் 'ஆட் எ நியூ ஃபோல்டர்' என்று ஒரு வரி வரும், அதன் வழியே கொடுங்கள்.

குளச்சல்: போன்ல விரல் வச்சா சாமானே மறைஞ்சிருது.

திரையின் மேல் மூலையில் இருக்கும் சின்னத்தைத் தொட்டு டச்பேட் முறைக்கு மாற்றுங்கள். விரல் எங்கே இருந்தாலும் அம்புக்குறி தனியாக நகரும். இரண்டு விரலால் ஒரு தட்டு தட்டினால் அது வலது கிளிக்.

நாகர்கோவில்: எல்லா முகமும் சப்பையா தெரியுது. இப்படித்தான் வரைஞ்சாங்களா?

இல்லை. படம் 320×200 புள்ளி; ஆனால் அன்றைய மானிட்டர் 4:3. ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட உயரமாக, ஏறத்தாழ 1.2 மடங்காகத் தெரிந்தது. ஓவியர்கள் அதைப் பார்த்துத்தான் வரைந்தார்கள். கிராஃபிக்ஸ் அமைப்பில் 'ஆஸ்பெக்ட் ரேஷியோ கரெக்‌ஷன்' போட்டால் உயரம் 240 ஆகி முகம் சரியாகும். அந்த ஓவியங்களை நசுங்கிய நிலையில் பார்ப்பது பெரிய இழப்பு, தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள்.

திருவட்டாறு: முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. இன்னும் ஏன் சிரிப்பு வருது?

ஏனென்றால் சிரிப்பு புதிருக்குள்ளேயே இருக்கிறது. 1993-இல் வந்த 'டே ஆஃப் தி டென்டகிள்' கேமில் ஒருவன் 200 வருஷம் முன்னால், ஒருத்தி 200 வருஷம் பின்னால் மாட்டிக்கொள்வார்கள். காடி வேண்டும். பழைய காலத்தில், வருங்காலத்தவர் திறப்பதற்காக மண்ணில் புதைக்கும் பெட்டியில் ஒயினை வைத்தால், 400 வருஷம் கழித்து அவள் திறக்கும்போது காடி! கள் புளித்தால் என்ன ஆகும் என்று தெரிந்த ஊர் நம்முடையது. நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அபத்தம்தான், ஆனால் கணக்கு பிசகாது. கண்டுபிடிக்கிறவர் நாமாக இருப்பதால், அந்த நகைச்சுவையைச் செய்து முடித்தவரும் நாமே.

இன்னொன்று, பயமின்மை. சியரா நிறுவனத்தின் 'கிங்ஸ் குவெஸ்ட் 5'-இல் பசிக்கிறதே என்று 'பை' (pie) என்ற பலகாரத்தைத் தின்றுவிட்டால், பிறகு பனிமனிதன் மேல் எறிய ஒன்றும் இருக்காது; பழைய சேவ் இல்லையென்றால் முதலிலிருந்துதான். கேம் வடிவமைப்பாளர் ரான் கில்பர்ட் இத்தகைய முட்டுச்சந்துகளை எதிர்த்து 1989-இல் கட்டுரையே எழுதினார். அடுத்த ஆண்டு வந்த அவருடைய 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்'டில் நாயகன் மூச்சை அடக்குவது 10 நிமிடம். தண்ணீருக்கடியில் அதையும் தாண்டி அவனை விட்டால்தான் சாவான். சாவு பயம் இல்லாதபோதுதான் கோழியைக் கதவோடு சேர்த்துப் பார்க்கும் துணிச்சல் வரும்.

கருங்கல்: மங்கி ஐலண்ட் 2-ல அருவிப் பம்பு திருகவே மாட்டேங்குது.

உங்கள் பிழை இல்லை. பியானோ வாசிக்கும் குரங்கின் முன்னால் ஆடும் மெட்ரோனோமில் (தாளம் காட்டும் கருவி) வாழைப்பழத்தை வையுங்கள். குரங்கு மயங்கி விறைத்துவிடும். எடுத்துப்போய் அதையே பம்பில் மாட்டித் திருகுங்கள். அமெரிக்காவில் அந்தக் கருவிக்கு 'மங்கி ரெஞ்ச்' என்று பெயர். நம்ம பட்டறையில் ஸ்பேனர் என்றும் பைப் ரெஞ்ச் என்றும் சொல்லிப் பழகியவருக்கு இது எப்படித் தோன்றும்? ஸ்பேனர் என்றே சொல்லும் பிரிட்டன்காரர்களும் இங்கேதான் முட்டிக்கொண்டார்கள். சொல் தெரிந்தால்தான் அவிழும் புதிர் நல்ல புதிர் அல்ல என்பது என் கருத்து.

பூதப்பாண்டி: பழசா, ரீமாஸ்டரா?

'டென்டகிள்' என்றால் 2016 ரீமாஸ்டர், அதாவது படத்தையும் ஒலியையும் மெருகேற்றி மறுபடி வெளியிட்ட பதிப்பு. பழைய ஓவியத்துக்கும் மாற்றிக்கொள்ளலாம். 'மங்கி ஐலண்ட்' தொடர்ச்சி வேண்டுமென்றால் கில்பர்ட்டே திரும்பிவந்து செய்த 2022 கேம். குறிப்புப் புத்தகம் உள்ளேயே உண்டு. பழைய பதிப்பின் சேவ் எதுவும் ரீமாஸ்டரில் திறக்காது.

கொட்டாரம்: மழைக்காலத்துல கரண்ட் போனா விளையாண்டது போயிருமா? மாட்டிக்கிட்டா யூடியூப் பாக்கலாமா?

ஸ்கம்விஎம் 5 நிமிடத்துக்கு ஒருமுறை தானே சேவ் செய்யும். ஆனாலும் புதிர் அவிழ்ந்ததும் கன்ட்ரோல்+எஃப்5 அழுத்தித் தனி இடத்தில் நீங்களும் சேவ் செய்யுங்கள்.

யூடியூப் வேண்டாம் மக்களே. முழுத் தீர்வைப் பார்த்தால் அடுத்த நான்கு புதிரும் சேர்ந்தே உடைந்துவிடும். முதலில் எல்லோரிடமும் எல்லா வசனமும் பேசி முடியுங்கள். பையில் உள்ள ஒவ்வொன்றையும் மற்றொன்றோடு சேர்த்துப் பாருங்கள். போன இடத்துக்கெல்லாம் மறுபடி போங்கள். அப்படியும் நகரவில்லையா, ஒரு ராத்திரி விட்டுவிட்டு, காலையில் ஒரே ஒரு குறிப்பு மட்டும் கேளுங்கள்.